அடைத்த கடன் ரிப்போர்ட்டில் இன்னும் நிலுவை: வழி சொல்லுங்கள்

வணக்கம், பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவின் பைக் லோனை 2021-லேயே முழுதாகக் கட்டி என்ஓசியும் (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கிவிட்டோம். தங்கையின் படிப்புக் கடனுக்குப் போனபோதுதான், அப்பாவின் கிரெடிட் ரிப்போர்ட்டில் (கடன் வரலாற்று அறிக்கையில்) அது இன்னும் நிலுவை என்று இருப்பது தெரிந்தது. ஒரு தவணைகூடத் தவறாதவர் அவர். மனசு ஆறவில்லை.

ரிப்போர்ட் தரும் நிறுவனத்திடம், பதிவு தவறு என்று ஆன்லைனில் டிஸ்ப்யூட் (புகார்) போட்டு 40 நாள் ஆகிறது. கடன் கொடுத்த நிறுவனம் உறுதி செய்தால்தான் பதிவு மாறுமாம். அங்கே கேட்டால், 'ஹெட் ஆபீசுக்கு அனுப்பியாச்சு' என்பதே பதில். 30 நாள் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. சரி, அந்தப் பணம்கூட வேண்டாம், பதிவு திருந்தினால் போதும்.

ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம்) போக, முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். கிளையில் கொடுத்த கடிதத்துக்கு ஒப்புகை தரவில்லை. டிஸ்ப்யூட் எண்ணும் என்ஓசியும் போதுமா? இதே வழியில் போனவர்கள் யாராவது சொல்லுங்கள். மாதக் கடைசிக்குள் கல்லூரிக் கட்டணம் கட்டியாக வேண்டும்.