குடும்பக் குழு: பாட்டி பீரோவை மாடிக்கு ஏத்தணும்

கீதா: வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுறோம். பீரோ இன்னும் வாசல்லயே நிக்குது. படில திரும்பல 😩

பெரியப்பா: படிக்கு இன்னும் அரை அடி விடச் சொன்னேன். யார் கேட்டீங்க

கீதா: இப்ப எதுக்கு அது பெரியப்பா

பாபு: பால்கனி ஃபேன் கொக்கில கப்பி மாட்டி கயித்துல இழுத்துடலாம். பீரோ 80 கிலோ, முடுக்கம் 2ன்னு வெச்சா 80 × 2 = 160 நியூட்டன். நானும் தினேஷும் போதும் 💪

முருகன் சித்தப்பா: பாபு, இரு. 160ங்கறது நிகர விசை, வேகத்தைக் கூட்ட மட்டும். பீரோ சும்மா தொங்கவே, புவியீர்ப்பு முடுக்கம் 9.8, அதனால 80 × 9.8 = 784 வேணும். ரெண்டும் சேந்து 944 நியூட்டன்.

செல்வி அத்தை: சமையலுக்கு 60 இலையா 80ஆ?

பாபு: ஐயோ எடையை விட்டுட்டேன்

முருகன் சித்தப்பா: நீங்க ரெண்டு பேரும் 105 கிலோ, 1029 நியூட்டன். 944 இழுத்தா கால் தரையில பட்டும் படாமலும்தான் நிக்கும். கொக்கிக்கு இன்னும் மோசம். ஒரு பக்கம் பீரோ, மறுபக்கம் உங்க இழுப்பு, ரெண்டுமே கீழ்நோக்கி. 1888 நியூட்டன். 190 கிலோவுக்கு மேல தொங்கற மாதிரி. அது ஃபேனுக்குப் போட்ட கொக்கிப்பா.

தினேஷ்: 😳

முருகன் சித்தப்பா: கை நழுவுனா பாருங்க. அரை மீட்டர் விழுந்து 10 செ.மீ.க்குள்ள பிடிச்சு நிறுத்துனா, வேகம் குறையற வீதம் 49. 80 × (49 + 9.8) = 4704 நியூட்டன். பழைய கிணத்துக் கயிறுன்னா முடிச்சுகிட்டதான் முதல்ல அறும்.

செல்வி அத்தை: அந்த பீரோ எனக்குன்னுதான் அம்மா சொல்லி வெச்சாங்க

பெரியப்பா: செல்வி, இப்ப வேண்டாம்

கீதா: அப்ப என்னதான் பண்றது சித்தப்பா

முருகன் சித்தப்பா: கதவு, தட்டு, லாக்கர் எல்லாம் கழட்டு. கூடு 55 கிலோன்னு வெச்சுக்கோ. கிளப்பறப்ப 55 × (9.8 + 2) = 649. அப்புறம் ஒரே சீரா இழுத்தா முடுக்கம் 0, வெறும் 539தான். உதறி இழுக்கவே கூடாது. கொக்கி வேண்டாம், பீம்ல சங்கிலி சுத்துங்க. நாலு பேர். கீழ ஒரு குழந்தை நிக்கக்கூடாது.

தினேஷ்: நாலாவது ஆள் யாரு?

பாபு: ஹால்லயே வெச்சுட்டா?

கீதா: ஹோமம் எங்க பண்றது டா

பெரியப்பா: நாளைக்கு வந்து பீமைப் பாக்கறேன். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க

முருகன் சித்தப்பா: கயிறையும் போட்டோ எடுத்துப் போடுங்க

கீதா: அத்தை, 80 இலை