பல்கலைக்கழக நல்கை திரட்டுவதற்கு நன்கொடையாளர் மேலாண்மை மென்பொருள் உதவுமா?

வாளையார்வாசி கேட்டது:

வணக்கம். பாலக்காட்டு எல்லைப்புறத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் வளர்ச்சிப் பிரிவில் பணியாற்றுகிறேன். பிரிவு என்ற பெயர்தான் பெரிது. நானும், ஓர் இளநிலை உதவியாளரும், வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவரும் மட்டுமே இருக்கிறோம். ஆய்வுத் திட்டங்கள், ஆய்வகக் கருவிகள், வசதியற்ற மாணவர்க்கான உதவித்தொகை ஆகியவற்றுக்காக அரசு முகமைகள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) பிரிவுகள், அறக்கட்டளைகள், முன்னாள் மாணவர்கள் என நான்கு திசையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். விவரங்கள் யாவும் எக்செல் தாள்களில் கிடக்கின்றன. எந்தத் தாள் கடைசியாகத் திருத்தப்பட்டது என்பதில்தான் எங்களுக்குள் தினமும் வழக்கு.

சென்ற மாதம் நடந்ததைச் சொன்னால் நிலைமை விளங்கும். கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு எங்கள் வேதியியல் துறை ஒரு விண்ணப்பத்தையும் சுற்றுச்சூழல் துறை இன்னொரு விண்ணப்பத்தையும் பத்து நாள் இடைவெளியில் அனுப்பிவிட்டன. இரண்டிலும் துணைவேந்தரின் கையொப்பம் இருந்தது. கேட்ட தொகைகள் மட்டும் வேறு வேறு. அந்த நிறுவனத்தின் அதிகாரி தொலைபேசியில் அழைத்து, இவற்றில் எதைப் படிக்கவேண்டும் என்று பணிவாகவே கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நன்கொடையாளர் மேலாண்மை மென்பொருள் ஒன்று வாங்கலாம் என்று நிதி அலுவலர் சொல்கிறார். இவ்வகை மென்பொருள்கள் தனிமனிதர் தரும் சிறு நன்கொடைகளுக்காக உருவானவை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அரசும் நிறுவனங்களும் ஒரு நோக்கத்துக்கென்று தரும் பெரிய நல்கைகளுக்கு அவை பொருந்துமா? பயன்படுத்தும் அன்பர்கள் வழிகாட்டவேண்டும்.

சத்தியவேட்டுக்காரன் பதில்:

நாங்கள் சிவிசிஆர்எம் என்ற திறமூல மென்பொருளைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம். பக்கத்திலேயே ஸ்ரீசிட்டி தொழில் நகரம் இருப்பதால் எங்களுக்கு நிறுவன நல்கைகளே மிகுதி. ஆகவே உங்கள் ஐயம் எனக்கும் இருந்தது. பொருந்தும் என்பதே என் பதில். ஆனால் பெட்டியைத் திறந்தவுடன் பொருந்தாது.

தனிமனிதர் நன்கொடை பணம் வந்து ரசீது போனதும் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. நல்கையோ பணம் வந்த பிறகுதான் தொடங்குகிறது. முதல் தவணை, இடைக்கால அறிக்கை, செலவுக் கணக்கு, அது ஏற்கப்பட்டால் இரண்டாம் தவணை, முடிவறிக்கை, பயன்பாட்டுச் சான்றிதழ் என்று மூன்று ஆண்டுகள் நீளும். இதற்கிடையில் கொடுத்த இடத்தில் அதிகாரி மாறிவிடுவார்; நம் பக்கத்தில் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிடுவார். அப்போது இருவருக்கும் பொதுவாக எஞ்சியிருக்கும் நினைவு அந்தப் பதிவு ஒன்றுதான். எனவே மென்பொருளைப் பணம் கேட்கும் கருவியாகக் கருதி வாங்கினால் ஏமாறுவீர்கள். கொடுத்தவரிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் கருவியாகக் கருதினால் அடுத்த நல்கைக்கு அதுவே வழி திறக்கும்.

நான் தடுக்கி விழுந்த ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிவிசிஆர்எம்மில் சிவிகிராண்ட் என்று ஒரு பகுதி உண்டு. பெயரைப் பார்த்ததும் இதுதான் நமக்கு வேண்டியது என்று அதை நிறுவி, இரண்டு வாரம் விவரங்களை உள்ளிட்ட பிறகே புரிந்தது, அது மற்றவர்களுக்கு நாம் வழங்கும் நல்கைகளைக் கண்காணிக்க உருவானது என்று. நாம் பெறும் நல்கைக்கு, கொடுக்கும் நிறுவனத்தை ஒரு தொடர்பாகவும், அங்குள்ள அதிகாரிகளை அதனோடு உறவுபடுத்திய தனித் தொடர்புகளாகவும் பதிந்து, தவணைகளை வாக்குறுதித் தொகை என்ற பகுதியிலும் அறிக்கைக்குரிய நாள்களைச் செயல்பாடுகள் என்ற பகுதியிலும் வைக்கவேண்டும். நல்கை வரக் காரணமாக இருந்த முன்னாள் மாணவரின் பெயரில் அந்தத் தொகையைத் துணைவரவாகக் காட்டவும் வசதி உண்டு. பணம் அவர் கையிலிருந்து வரவில்லை என்றாலும் நன்றி அவருக்குப் போய்ச் சேரவேண்டும் அல்லவா?

பெயர்களில் கவனமாக இருங்கள். எல்லைப்புறப் பெயர்கள் எந்த மென்பொருளையும் திணறடிக்கும். எங்கள் பக்கம் தெலுங்கு வழக்கப்படி இண்ட்டிபேரு என்ற குடும்பப் பெயர் முன்னால் வரும். தமிழ் வழக்கப்படி தந்தை பெயரின் முதலெழுத்து வரும். கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயரே குடும்பப் பெயராகி உட்கார்ந்திருக்கும். ஒரே மனிதர் எங்கள் பட்டியலில் மூன்று பேராக இருந்து, ஒரே விழாவுக்கு மூன்று அழைப்பிதழ் பெற்றார். இரட்டைப் பதிவுகளைத் தானாக இணைக்கும் வசதியை அணைத்துவிட்டு, தொலைபேசி எண், துறை, தேர்ச்சி பெற்ற ஆண்டு ஆகிய மூன்றும் ஒத்திருந்தால் மட்டும் ஒருவர் கண்ணால் பார்த்து இணைப்பதே நல்லது.

சிற்றூர்க் கணக்கர் பதில்:

மேலே அன்பர் சொன்னதோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வசிப்பது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், அஞ்சல் குறியீடு 678101. ஆந்திரத்துச் சித்தூர் 517001. இரண்டிலும் தமிழர்கள் இருக்கிறோம், இரண்டு ஊரின் பெயரும் பட்டியலில் ஒரே மாதிரி இருக்கிறது. குறியீட்டு எண் இல்லாத முகவரிகளை உள்ளே விட்டதால், நான் கணக்குப் பார்க்கும் ஓர் அறக்கட்டளை இங்குள்ளவரின் ரசீதை அங்கே அனுப்பி, அது ஒரு மாதம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது திரையின் அழகைப் பார்க்காமல், சட்டம் கேட்கும் விவரங்களைப் பதிய அதில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தவருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி ஒப்புதல் பெற்ற நிறுவனம் 2021-22 நிதியாண்டு முதல் நன்கொடை விவரங்களைப் படிவம் 10பிடி வழியாக அடுத்த மே 31க்குள் தாக்கல் செய்து, கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ் வழங்கவேண்டும் என்ற விதி வந்தது. தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அதற்குக் கொடுத்தவரின் பேன் எண்ணோ வேறோர் அடையாள எண்ணோ வேண்டும், முகவரி வேண்டும், எந்த வகை நன்கொடை, எவ்வழியில் வந்தது என்பதும் வேண்டும். மே மாதத்தில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கானவரை அழைத்துப் பேன் எண் கேட்பது என்ன பாடு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது என்பதையும் ரசீது போடுபவர் அறிந்திருக்கவேண்டும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. எனவே ரசீது வார்ப்புருவை நீங்களே திருத்த முடியாத மென்பொருளைத் தொடவேண்டாம்.

இரண்டாவது, குடியுரிமை என்று ஒரு கட்டம் கட்டாயம் இருக்கவேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அதே வகுப்பில் படித்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்சிஆர்ஏ) பதிவு பெற்ற நிறுவனம் அதை 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் பெறவேண்டும். சட்டத்தால் நிறுவப்பட்டு, தணிக்கைத் துறைத் தலைவரின் கட்டாயத் தணிக்கைக்கு உட்பட்ட பல்கலைக்கழகங்களுக்கு இதில் விலக்கு உண்டு. அறக்கட்டளை நடத்தும் நிறுவனங்களுக்கு அந்த விலக்கு இல்லை. உங்களுடையது எந்த வகை என்று பதிவாளரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிஎஸ்ஆர் நல்கையில் ஒரு நுட்பம். கொடுத்த பணம் கொடுத்த நோக்கத்துக்கே செலவாயிற்று என்று நிறுவனத்தின் நிதித் தலைவர் சான்று அளிக்கவேண்டும். அவர் மார்ச் இறுதியில் உங்கள் கதவைத் தட்டுவது அதற்காகத்தான். மைய அரசின் நல்கைக்கோ பயன்பாட்டுச் சான்றிதழைப் பொது நிதி விதிகள் 2017இன் படிவம் 12-ஏயில் தரவேண்டும். ஒவ்வொரு நல்கைக்கும் எந்தப் படிவம், எந்த நாள் என்பதை ஒப்பந்தம் கையொப்பமாகும் அன்றே மென்பொருளில் ஏற்றி, அறுபது நாளுக்கு முன் ஒரு நினைவூட்டலும் முப்பது நாளுக்கு முன் ஒன்றும் வருமாறு அமைத்துவிடுங்கள். வரவுசெலவுக் கணக்கு மட்டும் டாலி என்ற கணக்கு மென்பொருளிலேயே இருக்கட்டும். மாதம் ஒரு முறை இரண்டையும் ஒப்பிட்டு, தொகை ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

வாளையார்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு துணைக்கேள்வி. பேராசிரியர்கள் தாம் யாரைச் சந்தித்தோம் என்பதை எங்களிடம் சொல்வதே இல்லை. சொன்னால் வேறு துறைக்காரர் தட்டிக்கொண்டு போய்விடுவார் என்ற அச்சம். மென்பொருள் வாங்கினாலும் அது காலியாகத்தானே கிடக்கும்?

குப்பத்து ஆசிரியர் பதில்:

அம்மா, நீங்கள் இப்போது கேட்டதுதான் உண்மையான கேள்வி. நான் ஓய்வுபெற்ற பேராசிரியன். அந்த அச்சம் எனக்கும் இருந்தது, அது வீண் அச்சமும் அன்று. என் பத்தாண்டுத் தொடர்பு ஒன்றை, நான் பதிந்த குறிப்பைப் பார்த்தே வேறொருவர் அணுகிய அனுபவம் எனக்கு உண்டு. அன்றோடு நான் எதையும் பதிவதை நிறுத்திவிட்டேன்.

ஆகவே முதலில் ஒரு விதியைத் துணைவேந்தரின் சுற்றறிக்கையாக வெளியிடச் செய்யுங்கள். ஒரு நிறுவனத்தை முதலில் பதிந்தவரே அதற்குப் பொறுப்பாளர். அவரைக் கேட்காமல் வேறெவரும் அணுகக்கூடாது. ஆறு மாதம் அவர் ஒன்றும் செய்யாவிட்டால் பொறுப்பு வளர்ச்சிப் பிரிவுக்கு வந்துவிடும். இதைச் சுற்றறிக்கையில் பார்த்தால் பேராசிரியர்கள் தாமாகவே பதிய ஓடி வருவார்கள், ஏனென்றால் பதியாதவருக்குத்தான் நட்டம். அவர்களிடம் படிவம் நிரப்பச் சொல்லாதீர்கள். சந்திப்பு முடிந்ததும் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் உதவியாளர் உள்ளிடட்டும்.

எந்த மென்பொருள் என்று கேட்டால், மூன்று பேருக்குப் பெரிய பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் ரெய்சர்ஸ் எட்ஜ் போன்றவை யானையைக் கட்டித் தீனி போடுவதுபோல் ஆகும். சேல்ஸ்ஃபோர்ஸ் தகுதியுள்ள நிறுவனங்களுக்குப் பத்து உரிமங்களை இலவசமாகத் தருகிறது, ஆனால் அதை வடிவமைக்க ஆள் வேண்டும். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவின் பொதுவான வாடிக்கையாளர் மென்பொருளையும் வளைத்துப் பயன்படுத்தலாம். தமிழில் பேசி உதவி பெறுவது எளிது என்பது என் சொந்தச் சாய்வு, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

எதுவானாலும், பேன் எண்ணையும் கடவுச்சீட்டு விவரத்தையும் யார் யார் திறந்து பார்க்கலாம் என்று வரம்பு கட்டுங்கள். 2020இல் ரெய்சர்ஸ் எட்ஜை விற்கும் பிளாக்பாட் நிறுவனத்தின் தரவுச் சேமிப்பகத்தில் இணையக் கொள்ளையர் புகுந்தபோது, அதன் வாடிக்கையாளர்களான பிரித்தானிய, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல தம் முன்னாள் மாணவர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டியிருந்தது. தவறு விற்றவருடையதாக இருந்தாலும் கடிதம் எழுதவேண்டியவர் நீங்கள்தான்.

வாளையார்வாசி:

ஐயா, சுற்றறிக்கையின் வரைவை இன்றே எழுதி நிதி அலுவலரிடம் கொடுத்துவிட்டேன். மென்பொருள் வாங்கும் முடிவை மூன்று மாதம் தள்ளிவைக்கிறோம். அதுவரை, நடப்பில் உள்ள நல்கைகளை மட்டும் எடுத்து, கொடுத்தவர், பொறுப்பாளர், அடுத்த அறிக்கை நாள் ஆகியவற்றைச் சோதனைக்காக நிறுவிய சிவிசிஆர்எம்மில் ஏற்றிப் பார்க்கிறோம். ஏற்றத் தொடங்கிய முதல் நாளிலேயே, சென்ற டிசம்பரில் அனுப்பியிருக்கவேண்டிய இடைக்கால அறிக்கை ஒன்று அனுப்பப்படாமலே கிடப்பது தெரியவந்தது. பேராசிரியர் விடுப்பில் இருக்கிறார். இப்போது அதைத்தான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.