வயசான நாய், பூனைக்கு மூட்டுச் சத்து: எது உதவுது, எதுக்குக் காசு தண்டம்

மருந்துக்கடைக்காரர்

மீன் எண்ணெய் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்க. முன்னாடி பெரிசாப் போட்டிருக்கும் 1000 மி.கி. எண்ணெயோட எடை. பின்னாடி சின்ன எழுத்தில் ஈபிஏ 180, டிஹெச்ஏ 120 என்று இருக்கும். இந்த ரெண்டும்தான் மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு. மூட்டுக்குக் கணக்கு அந்த 300தான். மூட்டுத் தேய்மானம் உள்ள நாய்க்கு, ரெண்டும் சேர்த்து உடல் எடையில் கிலோவுக்கு 100 மி.கி. வரை போவாங்க. 30 கிலோ லேப்ரடாருக்கு 3000 மி.கி., அதாவது சாதாரண கேப்ஸ்யூல் பத்து! தினம் ஒண்ணு கொடுத்துட்டு "மாசக்கணக்கா கொடுக்கிறோம், ஒண்ணும் தெரியலையே" என்று வருபவங்கதான் அதிகம். செறிவு கூடின கேப்ஸ்யூல் வாங்கினா எண்ணிக்கை குறையும்.

முதல் நாளே முழு அளவு கொடுத்தா வயிறு கலங்கி தண்ணியாப் போகும். முதல் வாரம் கால் பங்கில் ஆரம்பிச்சு, வாராவாரம் ஏத்தி, நாலாவது வாரம் முழு அளவுக்கு வாங்க. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். கணைய அழற்சி வந்த நாய்க்கு டாக்டரைக் கேட்காம கொடுக்கக் கூடாது. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருந்தா, எண்ணெய் கொடுப்பதைச் சொல்லிடுங்க. ரத்தம் உறைவதை அது பாதிக்கலாம். அப்புறம், பத்து கேப்ஸ்யூல்னா 10 கிராம் கொழுப்பு, 90 கலோரி. அதுக்கு ஈடா ஏறக்குறைய அரை கப் சோறு குறையணும்.

கால்நடை மருத்துவம் படித்தவர்

குருத்தெலும்பில் இருக்கும் பொருள்களான குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் கலவைக்குத்தான் ஜனங்கள் அதிகம் செலவழிக்கிறார்கள். நாய், பூனை மூட்டுவாத ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வந்த ஒரு பகுப்பாய்வில் ஒமேகா-3க்குப் பலன் தெரிந்தது. இந்தக் கலவைக்குத் தெரியவில்லை. பெரிய கெடுதலும் கிடையாது. பட்ஜெட் ஒன்றுக்குத்தான் என்றால் எண்ணெய்க்கே போகட்டும். இயல்பு கெடாத டைப்-2 கொலாஜன் (குருத்தெலும்புப் புரதம்) என்றால் நாய்க்கு வழக்கமான அளவு நாளுக்கு 40 மி.கி.தான். அதைச் சுடுசோற்றில் பிசைந்தால் புரதத்தின் இயல்பு கெட்டுவிடும். ஆறிய பிறகு கலக்குங்கள். கால் வலிக்கிற கிழ நாய்க்குக் கால்சியம் சிரப் ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். தேய்ந்த குருத்தெலும்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

எந்த டப்பாவையும்விட முக்கியம் உடல் எடை. அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு 2002இல் வெளியானது. 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுவாதத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்டதும் அவற்றுக்குத் தாமதமாகத்தான்.

பூனை வளர்ப்பவர்

பூனை நொண்டாது, அதனால்தான் யாரும் கவனிக்கறதில்லை. ஒரே தாவலில் அலமாரி ஏறினது நடுவில் நாற்காலியைத் தேடும். முதுகின் பின்பக்கம் நக்க எட்டாம முடி சிக்கு விழும். மணல் தட்டுக்கு வெளியே போகும். தட்டின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டிவிட்டாலே பாதிப் பிரச்சனை தீரும்.

ஆளிவிதை எண்ணெய் பூனைக்கு வீண். அதில் இருக்கும் தாவர ஒமேகா-3ஐ ஈபிஏவாக மாற்றும் திறன் பூனை உடலுக்கு ரொம்பக் குறைவு. 'காட் லிவர்' எண்ணெயை, அதாவது காட் மீனின் ஈரல் எண்ணெயை, சாதாரண மீன் எண்ணெய்னு நினைச்சு வாங்கிடாதீங்க. அதில் வைட்டமின் ஏ அதிகம். தொடர்ந்து மிஞ்சினா கழுத்தெலும்புகள் ஒட்டிப்போகும், மூட்டுக்குக் கொடுத்ததே மூட்டைப் பூட்டிடும். வாடை பிடிக்காம தட்டை ஒதுக்கினா ஒரு சொட்டில் ஆரம்பிங்க. திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைங்க, சிக்கு வாடை வந்தா கொட்டிடுங்க.

மருந்துக்கடைக்காரர்

ஒண்ணு விட்டுப்போச்சு. வீட்டில் பெரியவங்க போடும் மூட்டு மாத்திரையில் பாதி உடைச்சுக் கொடுக்காதீங்க. பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் நாய்க்கு வயிற்றில் புண்ணாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும். மனுஷங்க சப்பும் இனிப்பு மாத்திரையில் சர்க்கரைக்குப் பதிலாச் சேர்க்கும் சைலிட்டால் இருந்தா நாய்க்கு விஷம்.

கால்நடை மருத்துவம் படித்தவர்

சத்து ஆரம்பிக்கும் முன் நாய் படியேறுவதை செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். எட்டு வாரம் கழித்து அதே படி, அதே நேரம். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் பிடிபடாது. வழுக்கும் டைல்ஸில் ரப்பர் பாய் போட்டு, பாதவிரல் இடுக்கில் வளர்ந்த முடியையும் நகத்தையும் வெட்டிவிட்டு அந்த முதல் வீடியோவை எடுங்கள். இல்லாவிட்டால் பாய் செய்த வேலைக்குக் கேப்ஸ்யூல் பெயர் வாங்கிக்கொள்ளும்.