தாம்பரம் மாநகராட்சி: 70 வார்டு எல்லைகளையும் பின்கோடு எல்லைகளையும் ஒத்துப்போக வைக்க முடியுமா?

வார்டு_வரைபடம் கேட்டது:

2021 நவம்பரில் 5 நகராட்சிகளும் (தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம்) 5 பேரூராட்சிகளும் (சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை) சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. இன்று 5 மண்டலம், 70 வார்டு. பின்கோடு மட்டும் பழையபடியே. மேற்குத் தாம்பரம் 600045, கிழக்குத் தாம்பரம் 600059, குரோம்பேட்டை 600044, பல்லாவரம் 600043, சேலையூர் 600073, பெருங்களத்தூர் 600063 என்று போகிறது. ஒரே வார்டுக்குள் இரண்டு மூன்று எண்கள் வருகின்றன. சில எண்கள் மாநகராட்சியைத் தாண்டி ஊராட்சிகளுக்குள்ளும் நீள்கின்றன.

மூன்று கேள்விகள். பின்கோடு எல்லையை யார் தீர்மானிக்கிறார்கள், மாமன்றத் தீர்மானத்தால் மாற்ற முடியுமா? முடியாதென்றால் வார்டு–பின்கோடு பட்டியலைப் பிழையில்லாமல் தயாரிப்பது எப்படி? இரண்டு வரைபடங்களையும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மேலே மேலே வைத்து வெட்டினால் நூல் நூலாக ஆயிரக்கணக்கான துண்டுகள் வந்து நிற்கின்றன. உண்மையிலேயே மாற்ற வேண்டிய தெருக்கள் இருந்தால் யாரிடம் போவது?

பீட்_நம்பர்_7:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். தீர்மானிப்பது அஞ்சல் துறை. மாமன்றம் கோரலாம், உத்தரவு போட முடியாது.

பின்கோட்டை ஒரு நிலப்பரப்பு என்று நினைத்துத் தொடங்கினால் கடைசிவரை சிக்கல்தான். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த எண், ஒரு கடிதம் எந்த அலுவலகத்திலிருந்து தபால்காரர் கைக்குப் போகிறது என்பதைச் சொல்கிறது. முதல் மூன்று இலக்கம் கடிதம் எந்தப் பிரிப்பு மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்பதற்கு. கடைசி மூன்று இலக்கம் டெலிவரி செய்யும் அஞ்சலகத்துக்கு. அந்த 'மாவட்டம்' வருவாய் மாவட்டம் அல்ல. 600 என்று தொடங்கும் எண்களையே பாருங்கள்: தாம்பரம் 600045 செங்கல்பட்டு மாவட்டம், ஆவடி 600054 திருவள்ளூர், குன்றத்தூர் 600069 காஞ்சிபுரம். சென்னையையும் சேர்த்து நான்கு வருவாய் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது 600.

டெலிவரி அலுவலகத்தின் எல்லை அதன் பீட்களின் (ஒவ்வொரு தபால்காரரும் நடக்கும் தெருக்களின்) கூட்டுத்தொகை. தபால்காரர் ஒரு தெருவில் நுழைந்தால் இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருவார். வார்டு எல்லையோ பெரும்பாலும் தெருவின் நடுக்கோட்டில் போகும். இடப்பக்க வீடுகள் ஒரு வார்டு, வலப்பக்க வீடுகள் இன்னொரு வார்டு. பின்கோட்டையும் அந்தக் கோட்டில் வெட்டினால் ஒரே தெருவுக்கு இரண்டு அலுவலகங்களிலிருந்து இரண்டு பேர் நடக்க வேண்டும். ரயில் பாதை, ஏரிக்கரை, ஜிஎஸ்டி சாலை என்ற நெடுஞ்சாலை போன்றவை பீட்டுக்கும் இயல்பான எல்லை. அங்கே இரண்டு எல்லைகளும் தாமாகவே ஓரளவு ஒத்துப்போகும். மற்ற இடங்களில் ஒத்துப்போக வேண்டிய தேவையே இல்லை.

வார்டு மறுவரையறை மக்கள்தொகையைப் பார்த்து நடப்பது, மறுபடியும் நடக்கும். ஒவ்வொரு தடவையும் முகவரி மாறுவது மக்களுக்கு நல்லதல்ல.

கோடும்_புள்ளியும்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பரப்போடு பரப்பை வெட்டுகிறீர்கள், தவறு அங்கேதான். வெட்ட வேண்டியது கதவுகளை.

பின்கோடு எல்லைக் கோப்பு அரசின் திறந்த தரவுத் தளத்தில் ஜியோஜேசன் என்ற வரைபடக் கோப்பு வடிவில் கிடைக்கிறது. அது அட்சரேகை–தீர்க்கரேகையில் இருக்கும். தூரமும் பரப்பும் அளக்கும் முன் மீட்டரில் அளக்கும் யுடிஎம் 44 வடக்கு அமைப்புக்கு (மென்பொருளில் அதன் குறியீடு இபிஎஸ்ஜி 32644) மாற்றுங்கள். வார்டுக் கோப்பையும் அதே அமைப்புக்குக் கொண்டு வந்து, இரண்டிலும் எல்லைக் கோடுகளின் பிழைகளைச் சரிசெய்யும் 'ஃபிக்ஸ் ஜியோமெட்ரீஸ்' கருவியை ஓட்டுங்கள். நூல் துண்டுகளுக்குக் காரணம், இரண்டு கோப்புகளும் ஒரே தெருவைத் தனித்தனியாக வரைந்திருப்பது. 15, 20 மீட்டர் அகலம்கூட இல்லாத துண்டு பெரும்பாலும் வரைவுப் பிழைதான். அதை வைத்து எந்த வீட்டையும் எந்த எண்ணிலும் சேர்க்காதீர்கள்.

அடுத்தது, 'இந்த வார்டில் 60 சதவீதம் 600073' என்று பரப்பை வைத்து எழுதுவது. தாம்பரத்தில் இது மோசமாக ஏமாற்றும். விமானப்படை நிலையமும் சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளும் பெரும் பரப்பு, ஆனால் கதவு எண்கள் மிகக் குறைவு. பங்கு சொல்வதானால் சொத்துவரி மதிப்பீட்டு எண்களை எண்ணிச் சொல்லுங்கள்.

ஆகவே ஒவ்வொரு மதிப்பீட்டு எண்ணுக்கும் ஒரு புள்ளி, கட்டடத்தின் மேலேயே. தெருப்பெயரை வைத்துத் தானாகக் கண்டுபிடித்த புள்ளிகள் சாலையின் நடுக்கோட்டில் போய் உட்காரும். வார்டு எல்லையும் அதே கோடு என்பதால் எந்தப் பக்கம் விழும் என்பது குருட்டாம்போக்குதான். எல்லையிலிருந்து 10 மீட்டருக்குள் உள்ள புள்ளிகளைத் தனியே பிரித்துக் கையால் சரிபாருங்கள். ஒற்றைப்படை எண் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம் என்று நம்பிவிடாதீர்கள். பழைய எண், புது எண் என்று இரண்டும் புழங்கும் தெருவில் அது பொய்த்துப்போகும்.

பட்டியலில் ஒரு வரிக்கு ஒரு கதவு: மதிப்பீட்டு எண், மண்டலம், வார்டு, தெருக் குறியீடு, பழைய எண், புது எண், பின்கோடு, டெலிவரி அஞ்சலகத்தின் பெயர், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை. கடைசி இரண்டும் கட்டாயம். பின்கோடு மாறினால் பழைய வரியை அழிக்காமல் அதற்கு முடிவுத் தேதி போட்டுவிட்டு, புது வரி சேருங்கள்.

உள்ளே வரும் தரவையும் சுத்தம் செய்யுங்கள். '600 045' என்று இடைவெளியுடன் வரும், '600045' என்றும் வரும். பழைய ரசீதுகளில் 'சென்னை-45' என்று மட்டும் இருக்கும். மூன்றும் ஒரே எண். அகில இந்திய பின்கோடு பட்டியலை எடுக்கும்போது 'டெலிவரி' என்று குறித்த அலுவலகங்களை மட்டும் வடிகட்டுங்கள். இல்லையென்றால் கவுன்டர் வேலை மட்டும் பார்க்கும் அலுவலகமும் உள்ளே வந்து ஒரே எண் பல பெயர்களில் நிற்கும். அந்த மாதிரிப் பட்டியல்களின் மாவட்டப் பத்தியையும் நம்ப வேண்டாம். செங்கல்பட்டு 2019இல் பிரிந்த பிறகும் பல இடங்களில் காஞ்சிபுரம் என்றே இருக்கிறது.

மனு_எழுதுபவர்:

மூன்றாவது கேள்வி. தெருக்களை ஒரு டெலிவரி அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கேட்பது ஒன்று, புதிய பின்கோடு கேட்பது வேறு. முதலாவது அஞ்சல் கோட்டத்தின் கண்காணிப்பாளர் அளவிலேயே தொடங்கும். இரண்டு அலுவலகங்களும் வெவ்வேறு கோட்டத்தில் இருந்தால் மேலே அஞ்சல் துறையின் மண்டல அலுவலகம் வரை போகும். புதிய எண் என்றால் கோட்டத்தில் முடியாது. அதற்குத் தனியாக ஒரு டெலிவரி அலுவலகமும் வேண்டும்.

மனுவில் 'எங்கள் வார்டுக்கு ஒரே பின்கோடு வேண்டும்' என்று எழுதினால் எடுபடாது. டெலிவரி மேம்படும் என்று காட்ட வேண்டும். தெருப்பெயர்கள், ஒவ்வொன்றிலும் முதல் கதவு எண்ணும் கடைசி எண்ணும், மொத்த வீடுகள், இப்போதைய அலுவலகத்திலிருந்து சாலை வழியாக எத்தனை கிலோமீட்டர், கேட்கும் அலுவலகத்திலிருந்து எத்தனை, நடுவில் ரயில்வே கேட் அல்லது ஏரி குறுக்கிடுகிறதா, ஒரு வரைபடம். எல்லாம் இரண்டு பக்கம் போதும். தெருவைப் பாதியில் வெட்டிக் கேட்காதீர்கள், முழுத் தெருவாகக் கேளுங்கள். அவர்கள் பார்ப்பது நாளொன்றுக்கு எத்தனை தபால் வருகிறது, பெறும் அலுவலகத்தின் பீட் தாங்குமா, அங்கே ஆளும் இடமும் இருக்கிறதா என்பதை. பெறும் அலுவலகம் டெலிவரி அலுவலகமா என்று முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். அது கவுன்டர் மட்டும் நடத்தும் அலுவலகமாக இருந்தால் மனு அங்கேயே நின்றுவிடும்.

600க்குள்ளேயே எண் மாறுவது எளிது. 603இலிருந்து 600க்கு மாறினால் பிரிப்பு வழியே மாறுகிறது. ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் நாவலூருக்கு 600130, அடுத்துள்ள சிறுசேரிக்கு 603103. பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஆனால் கடிதம் போகும் பாதை வேறு.

மாற்றம் வந்த பிறகு நடப்பதையும் மக்களிடம் முன்பே சொல்லிவிடுவது நியாயம். பழைய எண் எழுதிய தபால் பழைய அலுவலகத்துக்கே போய், அங்கிருந்து திருப்பிவிடப்பட்டு வரும், தாமதமாகும். ஜிஎஸ்டி வரிப் பதிவுள்ள கடைகள் முகவரி மாற்றத்தை 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சரக்கு அனுப்பும்போது போடும் இ-வே பில் தூரத்தைப் பின்கோட்டிலிருந்துதான் கணக்கிடுகிறது. புது எண் அதன் பட்டியலில் ஏறும் வரை பில் போடுவதில் தடங்கல் வரும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. ஆதார், வங்கி, கேஸ் எல்லாம் தனித்தனியே. பத்திரமும் பட்டாவும் கிராமம், சர்வே எண் அடிப்படையில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, பதற வேண்டாம்.

வார்டு_வரைபடம்:

மிக்க நன்றி. கதவு வாரியாகவே போகிறேன். ஒரு சந்தேகம்: 2025இல் வந்த டிஜிபின்னை (அஞ்சல் துறையின் டிஜிட்டல் முகவரிக் குறியீடு) அந்தப் பட்டியலில் பின்கோட்டுக்குப் பதிலாக வைத்துவிடலாமா?

கோடும்_புள்ளியும்:

பதிலாக வேண்டாம், கூடவே வையுங்கள். டிஜிபின் 10 எழுத்து. சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டம். அட்சரேகை–தீர்க்கரேகையிலிருந்து கணக்கிட்டுப் பெறுவது என்பதால் வார்டு மாறினாலும் பின்கோடு மாறினாலும் அது மாறாது. ஆகவே கதவுக்கு நிலையான அடையாளமாக நன்றாக உதவும். முதல் 6 எழுத்து மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் சதுரம், தெருக்களைத் தொகுக்க அது போதும்.

இரண்டு எச்சரிக்கை. கைபேசியின் ஜிபிஎஸ் 5 முதல் 10 மீட்டர் வரை பிசகும், கட்டமோ 4 மீட்டர்தான். சந்தில் நின்று எடுத்தால் எதிர்வீட்டு எண் வரும். செயற்கைக்கோள் படத்தில் கட்டடத்தின் நடுவைத் தொட்டு எடுங்கள். அடுக்குமாடியில் மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் ஒரே டிஜிபின்தான் வரும், அதனால் மதிப்பீட்டு எண்ணையே முதன்மை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பீட்_நம்பர்_7:

ஒன்று சேர்க்கிறேன். பட்டியல் முடிந்ததும் எல்லைத் தெருக்களை மட்டும் அச்செடுத்து அந்தந்த டெலிவரி அலுவலகத்தின் தபால்காரர்களிடம் காட்டுங்கள். ஒரு பீட்டுக்கு அரைமணி நேரம் போதும். வரைபடக் கோப்பில் 600073 என்று இருக்கும் தெருவுக்கு 600126இலிருந்து கொடுக்கிறார்கள் என்றால், அவர் சொல்வதைப் பட்டியலில் போடுங்கள். கோப்பின் தவறைக் கோட்ட அலுவலகத்துக்கு எழுதித் தெரிவியுங்கள்.