எல்டேப் (பயனர் விவரங்களை வைத்திருக்கும் டைரக்டரி) சர்வரைத் தொட முடியாத -1 பிழை: உங்களுக்கு எதில் சிக்கியது?

வேர்ப்பயனர்:
பிங் போகுது, எல்டேப்பின் மறையாக்க போர்ட்டான 636 திறந்திருக்கு, அதில் தேடும் எல்டேப்சர்ச் கமாண்ட் மட்டும் "சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை (-1)" என்றே சொன்னது. கமாண்டில் -டி 1 (விரிவான பிழைத் தகவல்) சேர்த்ததும் ஒரே வரியில் விஷயம் வெளியே வந்தது: சான்றிதழில் இருந்தது சர்வரின் முழுப் பெயர், யுஆர்ஐயில் (சர்வர் முகவரி) கொடுத்திருந்தது ஐபி முகவரி. பெயரைக் கொடுத்ததும் சரி. டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் (மறையாக்க இணைப்பின் தொடக்கப் பேச்சு) தோற்றாலும் அதே -1தான் வரும் என்பது இன்னும் உறுத்துகிறது. ஃபயர்வாலை நோண்டியதெல்லாம் வீண்.

முனையம்:
ஃபயர்வாலை அப்படி ஒதுக்காதீங்க. பத்து நிமிடம் யாரும் லாகின் செய்யாவிட்டால் அடுத்த லாகின் தொங்கும், அதற்கடுத்தது உடனே போகும். இங்கே நடுவிலிருந்த ஃபயர்வால், 300 வினாடி சும்மா கிடந்த டிசிபி இணைப்பைச் சத்தமில்லாமல் மறந்துவிட்டது. கிளையன்ட்டில் லாகினைக் கவனிக்கும் எஸ்எஸ்எஸ்டியோ இணைப்பை 900 வினாடி வரை வைத்திருக்கும். செத்த இணைப்பிலேயே கேள்வி அனுப்பிக் காத்திருந்தது. எல்டேப்_கனெக்‌ஷன்_எக்ஸ்பயர்_டைம்அவுட்டை 240 ஆக்கியதும் நின்றது.

கட்டளைவரி:
இரண்டும் நடப்பதுதான், ஆனால் வரிசையாகப் பாருங்கள். முதலில் சர்வரில் எஸ்எஸ் -எல்டிஎன் (எந்த முகவரியில், போர்ட்டில் கேட்கிறது என்று காட்டும்): 127.0.0.1இல், அதாவது தன் கணினிக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் வெளியிலிருந்து எதுவும் வராது. அடுத்து டிஎல்எஸ் இணைப்பைச் சோதிக்க ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட்டில் 636. ஸ்டார்ட்டிஎல்எஸ் (சாதாரணமாகத் தொடங்கி டிஎல்எஸ்ஸுக்கு மாறும் இணைப்பு) என்றால் 389இல் -ஸ்டார்ட்டிஎல்எஸ் எல்டேப் சேர்க்கணும். பிறகு கிளையன்ட் அமைப்புக் கோப்பான எல்டேப்.கான்ஃப்: டெபியனில் /இடிசி/எல்டேப், ரெட்ஹேட் வகையில் /இடிசி/ஓப்பன்எல்டேப். மாற்று டைரக்டரியில் திருத்திவிட்டு "ஒன்றும் மாறவில்லை" என்பவர்கள் ஏராளம். பிழை எண் 49 வந்தால் இணைப்பு நன்றாகத்தான் இருக்கு, பெயரோ கடவுச்சொல்லோதான் தவறு. பயனர் விவரம் காட்டும் ஐடி கமாண்ட் பதில் சொல்கிறதே என்று நம்பவும் கூடாது, அது எஸ்எஸ்எஸ்டி முன்பே சேமித்த கேஷிலிருந்து வரலாம். எஸ்எஸ்எஸ்சிடிஎல் டொமைன்-ஸ்டேட்டஸ் ஆஃப்லைன் என்கிறதா என்று பாருங்கள். தயவுசெய்து டிஎல்எஸ்_ரெக்செர்ட் நெவர் (சான்றிதழைச் சோதிக்காதே) போட்டு வேலையை முடிக்காதீர்கள். பிழை மறையும், போலி சர்வர் வந்தால் கடவுச்சொல் அங்கேயும் போகும்.

பின்தளம்:
இதில் எதிலும் அடங்காத ஒன்று. போர்ட் இணைகிறது, பதிலே வராது, எல்டேப் சர்வர் நிரலான ஸ்லாப்டியை ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச காலம் ஓடும். லாகில் "ஆக்செப்ட் தோல்வி, எர்நோ 24". கிளையன்ட்கள் மூடாமல் விட்ட இணைப்புகள் 1024 ஃபைல் டிஸ்கிரிப்டர் (ஒரு நிரல் திறந்து வைக்கும் கோப்பு, இணைப்புகளின் எண்) வரம்பைத் தின்றுவிட்டன. கர்னல் டிசிபி ஹேண்ட்ஷேக்கை முடித்துவிடுவதால் போர்ட் சோதனை நல்லதென்றே காட்டும். ஓஎல்சிஐடில்டைம்அவுட் இயல்பில் 0, அதாவது சும்மா கிடக்கும் இணைப்பைச் சர்வர் தானாக மூடாது. அதற்கு ஒரு மதிப்புக் கொடுங்கள். சிஸ்டம்டி யூனிட்டில் அந்த வரம்பைக் குறிக்கும் லிமிட்நோஃபைலை மட்டும் உயர்த்தினால் அடுத்த முடக்கம் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவே.