எல்எஸ்டி ஆக்ஸிலில் ஆயில் மாற்றியபின் திரும்பும்போது அதிர்வு: எந்த கியர் ஆயில்?

கேள்வி:
வண்டி 2011 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. பின்னால் 8.8 அங்குல ஆக்ஸில், டிராக்‌ஷன்-லாக் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்). ஒர்க்‌ஷாப்பில் 75டபிள்யூ-140 (கெட்டித்தன்மை எண்) சிந்தெடிக், ஜிஎல்-5 (கியர் ஆயிலின் தர வகை) ஊற்றினார்கள். அதிலிருந்து பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் பின்பக்கம் 'டர்ர்ர்' என்று அதிர்கிறது. நேராகப் போனால் சத்தமே இல்லை. 80டபிள்யூ-90 ஊற்றினால் சரியாகுமா? கிரவுன் பினியன் (ஆக்ஸிலின் முக்கியப் பல்சக்கர ஜோடி) போய்விட்டதா?

பதில் 1:
கிரவுன் பினியன் இல்லை. அது தேய்ந்திருந்தால் நேர்சாலையில்தான், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதோ விடும்போதோ ஊளைச் சத்தம் வரும். உங்களுடையது எல்எஸ்டிக்குள் இருக்கும் கிளட்ச் பிளேட் அதிர்வது. திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற, பிளேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். வெறும் ஜிஎல்-5 ஆயிலில் அவை பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கின்றன. ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் (பிளேட்டுகள் சீராக வழுக்க ஆயிலில் கலக்கும் திரவம்) போட்டார்களா என்று பில்லைப் பாருங்கள். இந்த ஆக்ஸிலுக்கு மோட்டார்கிராஃப்ட் எக்ஸ்எல்-3, 118 மி.லி. வேண்டும்.

80டபிள்யூ-90 வேண்டாம். வி8 ஜிடிக்குச் சொல்லியிருப்பதே 75டபிள்யூ-140தான். கெட்டித்தன்மைக்கும் இந்த அதிர்வுக்கும் சம்பந்தமில்லை.

பதில் 2:
ஆயில் டப்பாவின் பின்பக்கத்தையும் படியுங்கள். 'எல்எஸ்டிக்கு ஏற்றது' என்று போட்ட ஆயில்களில் மாடிஃபையர் ஏற்கெனவே கலந்திருக்கும். அதன்மேல் முழு 118 மி.லி. கொட்டினால் பிளேட் பிடிப்பே போய், ஈரத்தில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றும்.

ஆயில் புதிதுதானே, ஆக்ஸில் கவரைக் கழற்ற வேண்டாம். ஃபில்லர் பிளக்கை (ஆயில் ஊற்றும் துளையின் மூடி) 3/8 அங்குல ராட்செட்டால் திறந்து, சக்ஷன் பம்பில் 60 மி.லி. உறிஞ்சி எடுத்து, அதே அளவு மாடிஃபையர் விடுங்கள். பிறகு காலி மைதானத்தில் மெதுவாக எட்டுப் போடுங்கள், இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் தடவை. பிளேட்டுகளுக்கு நடுவில் புது ஆயில் போய்ச் சேர வேண்டும், அதற்குத்தான். இன்னும் அதிர்ந்தால் மீதியையும் விடுங்கள்.

அளவு: துளையின் கீழ்விளிம்புக்கு 6 முதல் 14 மி.மீ. கீழே நிற்க வேண்டும். வழிய வழிய ஊற்றுவது பலருக்குப் பழக்கம்; சூடானதும் பிரீதர் (ஆக்ஸிலின் காற்றுப்போக்கி) வழியே கக்கும்.

கேள்வி கேட்டவர்:
டப்பாவில் எல்எஸ்டி என்ற பேச்சே இல்லை. பில்லிலும் மாடிஃபையர் இல்லை. போட்டும் நிற்காவிட்டால்?

பதில் 1:
அப்போது பிளேட்டைச் சந்தேகப்படலாம். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விட்டு, முன்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, பின்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்குங்கள். டார்க் ரெஞ்சால் அதைத் திருப்பிப் பாருங்கள். 27 நியூட்டன் மீட்டருக்குக் குறைவாகவே திரும்பிவிட்டால் கிளட்ச் பேக் (பிளேட் அடுக்கு) தேய்ந்தது. அதை எந்த ஆயிலும் காப்பாற்றாது. கவரைத் திறந்து பேக்கை மாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு கேள்வி:
என்னுடையது மஹிந்திரா தார், பின்னால் ஈட்டன் எம்எல்டி (மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல்). நானும் இதே மாடிஃபையர் போடலாமா?

பதில் 2:
போடாதீர்கள். அதிலும் பிளேட் உண்டு, ஆனால் வேலை வேறு. சக்கரங்களுக்கிடையே வேக வித்தியாசம் 100 ஆர்பிஎம் அளவை எட்டியதும் கவர்னர் (வேகத்தில் விரியும் எடை) கொக்கி மாட்டி, பிளேட்டுகளை நெருக்கி லாக் செய்யும். வழுக்கலைக் கூட்டினால் லாக் தாமதமாகும். சாதாரண மினரல் 80டபிள்யூ-90 ஜிஎல்-5, மாடிஃபையர் இல்லாமல், என்பதுதான் ஈட்டன் இந்த வகை லாக்கருக்குச் சொல்வது. சேற்றில் அது 'டொக்' என்று லாக் ஆவது கோளாறல்ல.

டோர்சன் என்ற பல்சக்கர வகை எல்எஸ்டிக்கும் மாடிஃபையர் கூடாது, அது பல்லுக்குப் பல் உராய்ந்தே வேலை செய்கிறது. ஆயிலை வாங்குமுன் உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜிஎல்-4 மிச்சமிருக்கிறதே என்று எதிலும் ஊற்றிவிடாதீர்கள், ஹைபாய்டு பல்லுக்கு (கிரவுன் பினியனின் பல்) அது பத்தாது.