வீட்டுக் கணினியில் எழுத்துருக்களை ஒழுங்குபடுத்த எந்த மென்பொருள்? உங்கள் அனுபவங்கள்

முதல் பதிவு

வீட்டுக் கணினியில் சேர்ந்துவிட்ட எழுத்துருக்களை ஒழுங்குபடுத்த எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தீர்கள், அதனோடு பழகியபோது என்ன நேர்ந்தது என்பதை உறுப்பினர்கள் எழுதினால் பலருக்கும் பயன்படும். என் அனுபவத்தை நானே முதலில் எழுதிவிடுகிறேன். அதில் பெருமைப்பட அதிகமில்லை.

இலவசமாகக் கிடைத்த எழுத்துருக்களையெல்லாம் தரவிறக்கி நிறுவிவிடும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. ஒரு நாள் சொற்செயலியில் ஒரு தலைப்புக்குப் பொருத்தமான எழுத்துருவைத் தேடியபோது, பட்டியலை உருட்டி உருட்டி விரல் சலித்ததே ஒழிய எழுத்துரு அகப்படவில்லை. எண்ணிப் பார்த்தேன்: 2,300-க்கும் மேல் இருந்தன. அவற்றுள் நான் உண்மையிலேயே பயன்படுத்தியவை 30-ஐத் தாண்டாது.

திரைக்காட்சிகள் அழகாக இருந்தன என்ற ஒரே காரணத்துக்காக ஒரு எழுத்துரு மேலாண்மை மென்பொருளை நிறுவினேன். அதன் பெயரை எழுதப் போவதில்லை, ஏனெனில் தவறில் பாதி என்னுடையது. எழுத்துருக்கள் இருக்கும் கோப்புறையைக் காட்டச் சொன்னது, காட்டினேன். நூலகத்தில் சேர்க்கவா என்று கேட்டது, சேர்க்கச் சொன்னேன். சேர்ப்பது என்றால் கோப்புகளைத் தன் சொந்தக் கோப்புறைக்குள் நகர்த்திக்கொள்வது என்று அதன் அகராதியில் பொருள் என்பது பிறகுதான் தெரிந்தது. வேலைவாரியாக நான் பிரித்து வைத்திருந்த கோப்புறைகளில் உரிமம் பற்றிய உரைக்கோப்புகள் மட்டும் அநாதைகளாகக் கிடந்தன. எந்த எழுத்துருவுக்கு எந்த உரிமம் என்று திரும்பப் பொருத்துவதற்கு இரண்டு வாரத்து மாலைப் பொழுதுகள் போயின.

அந்த இரண்டு வாரத்தில்தான், நிறுவுவதும் செயற்படுத்துவதும் வெவ்வேறு என்பது எனக்கு விளங்கியது. விண்டோஸில் ஓர் எழுத்துருவை நிறுவினால் அதன் நகல் ஒன்று இயங்குதளத்தின் எழுத்துருக் கோப்புறைக்குள் போய் அமர்ந்துகொள்கிறது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், நிர்வாகி அனுமதியில்லாமல் நிறுவினால் அது பயனரின் சொந்தக் கோப்புறையொன்றுக்குள் போகிறது. ஆகவே ஒரே எழுத்துருவின் பழைய பதிப்பு ஓரிடத்திலும் புதிய பதிப்பு வேறிடத்திலும் இருப்பது மிக எளிதாக நேர்ந்துவிடும். என் கணினியில் அப்படிப்பட்ட இரட்டைகள் நூற்றுக்கு மேல் இருந்தன. செயற்படுத்துவது என்பது அப்படியல்ல. கோப்பு அது இருக்கும் இடத்திலேயே இருக்க, 'இதையும் கணக்கில் கொள்' என்று இயங்குதளத்திடம் சொல்லி வைப்பது மட்டுமே அது. வேலை முடிந்ததும் விலக்கிவிடலாம், கோப்பு அசையாது.

இதன் பிறகு நான் பார்த்த மென்பொருள்களிடம் முதலில் கேட்ட கேள்வி, 'என் கோப்புகளைத் தொடாமல் இருப்பாயா?' என்பதுதான். நெக்ஸஸ்ஃபாண்ட் தொடுவதில்லை. கோப்புறையைக் காட்டினால், தான் திறந்திருக்கும் வரையில் அதிலுள்ள எழுத்துருக்களைப் பிற செயலிகளுக்கும் கிடைக்கச் செய்கிறது, மூடினால் அவை மறைந்துவிடுகின்றன. விண்டோஸில் மட்டும் இயங்கும் இலவச மென்பொருள் இது. தோற்றத்தில் பழையது, நெடுங்காலமாகப் புதுப்பிக்கப்படாதது, ஆனாலும் குறிச்சொல் இடுவதும் தொகுதி பிரிப்பதும் அதில் கைக்கு அடக்கமாக அமைந்திருக்கின்றன. ஃபாண்ட்பேஸ் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. கூகுள் ஃபாண்ட்ஸ் தொகுப்பையும் தன் பட்டியலிலேயே காட்டுகிறது. அடிப்படை வசதிகள் இலவசம், கூடுதல் வசதிகளுக்குக் கட்டணம். இரண்டில் ஒன்றை முடிவு செய்ய முடியாமல் சில வாரங்களாக இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். மற்றவர்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

இரண்டாம் பதிவு

இழையைத் தொடங்கிய நண்பருக்கு நன்றி. நான் மேக் பயனர். நானும் உங்களைப் போலவே பல மென்பொருள்களைத் தேடி அலைந்துவிட்டு, கடைசியில் கணினியோடு வந்த ஃபாண்ட் புக் செயலிக்கே திரும்பினேன். 2003-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.3-உடன் வந்த செயலி அது. இத்தனை காலமாக அது கண்முன்னேயே இருந்தும், எழுத்துருவை இருமுறை சொடுக்கினால் திறக்கும் ஒரு சிறு சாளரம் என்றுதான் அதை நினைத்திருந்தேன்.

அதில் தொகுப்புகளை உருவாக்கலாம். ஒரே எழுத்துருவை எத்தனை தொகுப்பில் வேண்டுமானாலும் வைக்கலாம், கோப்பு ஒன்றுதான். நிபந்தனை கொடுத்தால் தானாகவே நிரம்பும் திறன்மிகு தொகுப்புகளும் உண்டு. மொழி தமிழ் என்று நிபந்தனை வைத்ததும், தமிழ் சங்கம் எம்என், முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி ஆகியவற்றோடு நான் பின்னர் சேர்த்தவையும் ஒரே இடத்தில் வந்து நின்றன. வேண்டாதவற்றை நீக்காமல் முடக்கி மட்டும் வைக்கலாம். இரட்டைகள் இருந்தால் எச்சரிக்கைக் குறி காட்டுகிறது, பழுதான கோப்பா என்று சரிபார்த்தும் சொல்கிறது.

அதன் குறை என்னவென்றால், நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு அதன் பதில் அவ்வளவு திருப்தியாக இல்லை. ஓர் எழுத்துருவைச் சேர்த்தால் பயனரின் எழுத்துருக் கோப்புறைக்கு நகலெடுக்கிறது. மூலக்கோப்பு இருந்த இடத்திலேயே இருப்பதால் பாதகமில்லை, ஆனால் நகல் பெருகும். சில நூறு எழுத்துருக்கள் உள்ளவருக்கு இது பொருட்டல்ல. ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவர் ரைட்ஃபாண்ட், டைப்ஃபேஸ் போன்றவற்றையும் பார்க்கலாம்.

மூன்றாம் பதிவு

நான் வீட்டிலிருந்தபடியே நூல் பக்க வடிவமைப்பு செய்கிறவன். தேர்வுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் சற்று வேறானது. மென்பொருளின் முன்னோட்டச் சாளரத்தில் 'கொள்கை, கௌரவம், ஸ்ரீ, பக்ஷம், நூறு, ணூ' என்று தட்டிப் பார்ப்பேன். பெரும்பாலான மென்பொருள்கள் ஆங்கில மாதிரி வாக்கியத்தோடுதான் திறக்கின்றன. நமக்கு வேண்டிய சொற்களைத் தட்ட இடம் தராதவற்றை அங்கேயே மூடிவிடுகிறேன்.

தட்ட இடம் தந்தாலும் இரண்டு இடங்களில் ஏமாறலாம். ஒற்றைக்கொம்பு ஒருங்குறியில் (யூனிகோடு) மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு, திரையில் முன்னால் காட்டப்பட வேண்டும். 'கொ' என்ற எழுத்தில் குறி இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் பொறி மென்பொருளில் இல்லாவிட்டால், நல்ல எழுத்துருவும் முன்னோட்டத்தில் உடைந்து தெரியும். நான் ஒருமுறை முற்றிலும் சரியான ஓர் எழுத்துருவைப் பழுது என்று எண்ணி அழித்துவிட்டேன். பிழை எழுத்துருவில் இல்லை, காட்டிய சாளரத்தில் இருந்தது.

மற்றது இதனினும் நுட்பமானது. தமிழே இல்லாத ஓர் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தாலும், மென்பொருள் அமைதியாக வேறோர் எழுத்துருவிலிருந்து தமிழ் வடிவங்களை இரவல் வாங்கிக் காட்டிவிடும். இருபது எழுத்துருக்களில் தமிழ் ஒரே மாதிரியாகத் தெரிந்தால், இருபதும் விண்டோஸின் தமிழ் எழுத்துருக்களான நிர்மலாவையோ லதாவையோ அணிந்துகொண்டு நிற்கின்றன என்று பொருள். எழுத்துருவில் இல்லாத எழுத்துக்கு வெற்றுக் கட்டத்தைக் காட்டும் மென்பொருளே நேர்மையானது என்பது என் கருத்து.

குடும்பங்களைப் பிரித்துக் காட்டும் முறையையும் பாருங்கள். எழுத்துருக் கோப்புக்குள் பெயர்களுக்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் 1-ஆம் எண்ணில் உள்ள குடும்பப் பெயரின் கீழ் சாதாரணம், தடிமன், சாய்வு, தடிமன்சாய்வு என நான்கு பாணிகளுக்குத்தான் இடமுண்டு. ஒன்பது எடைகள், அதாவது தடிமன் அளவுகள், கொண்ட குடும்பங்களுக்காகவே 16-ஆம் எண்ணில் வேறொரு குடும்பப் பெயர் எழுதப்படுகிறது. முதலாவதை மட்டும் படிக்கும் மென்பொருளில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற குடும்பம் ஏழெட்டுத் துண்டுகளாகச் சிதறித் தெரியும். மாறு எழுத்துருக்கள் 2016-இல் அறிவிக்கப்பட்டவை. ஒரே கோப்புக்குள் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை அடங்கியிருக்கும். பழைய எழுத்துரு மேலாண்மை மென்பொருள்கள் பலவற்றுக்கு இது புரிவதில்லை, ஒரே ஒரு பாணியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன.

விலை உயர்ந்த மென்பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். முன்பு சூட்கேஸ் ஃப்யூஷன் என்று வழங்கிய கனெக்ட் ஃபாண்ட்ஸ் போன்றவற்றின் சிறப்பு, பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் கோப்பைத் திறந்ததும் அதற்கு வேண்டிய எழுத்துருக்களைத் தாமே செயற்படுத்துவது. நாள்தோறும் பல கோப்புகளைப் புரட்டும் பணியிடத்துக்கு அது பெரிய உதவி. வாரத்துக்கு ஒரு கோப்பைத் திறக்கும் வீட்டுக் கணினிக்குச் சந்தா கட்டி அதை வைத்திருப்பது, தேர் இழுக்கும் வடத்தால் ஆட்டுக்குட்டியைக் கட்டுவதுதான்.

நான்காம் பதிவு

லினக்ஸில் என் வேலை சுருக்கமாக முடிந்துவிட்டது. ஃபாண்ட்கான்ஃபிக் என்ற அமைப்பு, பயனரின் எழுத்துருக் கோப்புறைக்குள் இருக்கும் உட்கோப்புறைகளையும் சேர்த்தே படிக்கிறது. எனவே 'தலைப்பு', 'உடல் உரை', 'கையெழுத்து' என்று கோப்புறைகளை அங்கேயே அமைத்தேன். வேண்டாத கோப்புறையை வெளியே இழுத்துப் போட்டால் எழுத்துருப் பட்டியலிலிருந்தும் அது போய்விடுகிறது. பார்ப்பதற்கு மட்டும் ஃபாண்ட் மேனேஜர் என்ற செயலியை வைத்திருக்கிறேன். கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் எஃப்சி-லிஸ்ட் கட்டளைக்குத் தமிழின் மொழிக்குறியைக் கொடுத்தால், தமிழுள்ள எழுத்துருக்களின் பட்டியல் நொடியில் வந்துவிடும்.

ஆனால் அந்தப் பட்டியலை நம்பி, அதில் வராதவற்றையெல்லாம் தமிழல்லாதவை என்று வேறோரிடத்துக்கு ஒதுக்கியதுதான் நான் செய்த பிழை. ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில், அதாவது திஸ்கி, 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய டாம், டாப் ஆகிய குறியேற்றங்களிலும் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுக்கும் முறைகள்) பாமினி முறையிலும் அமைந்தவற்றில், தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளுக்கோ பிற குறிகளுக்கோ உரிய இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. கணினியின் பார்வையில் அவை தமிழ் எழுத்துருக்களே அல்ல. பழைய ஆவணம் ஒன்றைத் திறந்தபோது பக்கம் முழுதும் பொருளற்ற குறிகளாக வந்த பிறகுதான் ஒதுக்கியவற்றைத் தேடிப் போனேன்.

மூன்றாம் பதிவு எழுதியவர் மீண்டும்

நண்பர் சொல்வது முற்றிலும் உண்மை. மென்பொருளின் மொழி வடிகட்டியை இந்தப் பழைய எழுத்துருக்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. நான் அவற்றுக்குக் கையாலேயே 'டாப்', 'திஸ்கி', 'பாமினி' என்று குறிச்சொல் இட்டிருக்கிறேன். முன்னோட்டத்தில் ஒருங்குறித் தமிழைத் தட்டினால் அவை எதையும் காட்டமாட்டா, அல்லது இரவல் வடிவத்தைக் காட்டும். பாமினி முறையானால் ஆங்கில விசைகளில் எதையாவது தட்டினால் உண்மையான முகம் தெரியும்; டாப், திஸ்கி எழுத்துருக்களில் அந்த விசைகளுக்கு ஆங்கில எழுத்துகளே வரும் என்பதால், அதே குறியேற்றத்தில் உள்ள பழைய உரையை ஒட்டிப் பார்க்க வேண்டும்.

இத்தோடு ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டேன். அடோபியின் பழைய கோப்பு வடிவமான டைப் 1 எழுத்துருக்கள் வைத்திருப்பவர்கள், வடிவங்கள் உள்ள கோப்பும் அளவுகள் உள்ள கோப்பும் தனித்தனியாக இருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பெயர் மாற்றியோ வகை பிரித்தோ அடுக்கும் மென்பொருள் இந்த இணையைப் பிரித்துவிட்டால் இரண்டுமே பயனற்றுப்போகும். 2023 சனவரியோடு அடோபி தன் மென்பொருள்களில் இந்த வகைக்கான ஆதரவையே நிறுத்திவிட்டது. நான் அவற்றை ஒரு தனிக் கோப்புறையில் அப்படியே சுருக்கிக் கட்டி வைத்துவிட்டேன், எந்த மேலாண்மை மென்பொருளுக்கும் காட்டுவதில்லை.

முதல் பதிவு எழுதியவர் மீண்டும்

எல்லோருக்கும் நன்றி. 'கொள்கை, கௌரவம்' சோதனையை நேற்று இரவே செய்து பார்த்தேன். என்னிடம் தமிழ் எழுத்துருக்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தவற்றில் 41 உருப்படிகள் இரவல் உடை அணிந்தவை என்று தெரிந்தது. இத்தனை நாள் அவற்றின் தமிழ் வடிவத்தை மெச்சியும் இருக்கிறேன்.

முடிவாக ஃபாண்ட்பேஸை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன். கோப்புறைகள் என் கையால் அமைத்தவையாகவே இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் உரிமக் கோப்பு அதனதன் எழுத்துருவோடு இருக்கிறது. முன்பு நிறுவியவற்றை நீக்கும்போது இயங்குதளத்தோடு வந்தவற்றைத் தொடாமல் கவனமாக விட்டேன். சில எழுத்துருக்கள் பயன்பாட்டில் உள்ளன என்று நீக்க மறுத்தன. கணினியை மறுதொடக்கம் செய்து, வேறு எந்தச் செயலியையும் திறப்பதற்கு முன் நீக்கியதும் போயின. இப்போது எப்போதும் செயலில் இருப்பவை 34. சொற்செயலியின் பட்டியல் இரண்டு உருட்டலில் முடிந்துவிடுகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மீதியிருக்கிறது. குறியேற்றம் எதுவென்று தெரியாத பழைய எழுத்துருக்கள் 17 என்னிடம் இருக்கின்றன. திஸ்கியும் அல்ல, டாப்பும் அல்ல, பாமினியும் அல்ல. 'அடையாளம் தெரியாதவை' என்று குறிச்சொல் இட்டுச் செயலிழக்க வைத்திருக்கிறேன். எழுத்துருவைத் திருத்தும் மென்பொருளான ஃபாண்ட்ஃபோர்ஜில் ஒன்றைத் திறந்து எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்று குறிக்கத் தொடங்கியிருக்கிறேன், 'ங' வரிசை வரை வந்துவிட்டேன். இதைவிட எளிய வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.